அரை கிளாஸ் சனிக்கிழமைகள்

சார் பியரை ஒரு வாய் எடுத்துக்கொள்வார். உடனே விழுங்க மாட்டார். கண் கூரையைப் பார்க்கும். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே கடைக்காரத் தாடிக்காரர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், டிவியில் ஏதோ மேட்ச் ஓடுகிறது. எதுவுமே அவர் கண்ணில் படாது. அப்புறம் மெதுவாக விழுங்கிவிட்டு, ரொம்ப மரியாதையான ஆங்கிலத்தில், இந்தப் பீப்பாயைத் திறந்து நாலு நாளாவது ஆகியிருக்குமே என்பார். தாடிக்காரர் முதலில் சிரிப்பார். பிறகு எதற்கும் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வருவார். செவ்வாய்க்கிழமை திறந்ததாம். அன்றைக்குச் சனிக்கிழமை.

எனக்குப் பெருமையாக இருக்கும், என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி. உண்மையில் எனக்கு அந்தப் பியருக்கும் இந்தப் பியருக்கும் ஒரு வித்தியாசமும் கடைசிவரை தெரிந்ததில்லை. அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். "பரவால்லப்பா, தெரியலன்னு சொல்றியே, அது போதும்" என்றார். நான் அவரிடம் சொன்ன உண்மைகளில் அது ஒன்று. நிறைய இல்லை.

அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். டெக்சாஸில், ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார், அப்போதே ஐம்பத்தைந்து இருக்கும். அந்த வயசில் மற்றவர்கள் டைரக்டர், வைஸ் பிரசிடென்ட் என்று ஆகிவிட்டார்கள். இவர் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள அவரோடு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்தால் போதும். கஸ்டமருக்கு டெமோ காட்டிக்கொண்டிருப்பார்கள், மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, அடுத்த மாசம் ரெடி என்பான். கஸ்டமர் பேச்சுக்கு ஒரு வார்த்தை இவரைப் பார்த்து, அப்படித்தானே என்று கேட்பான். "இல்லை, ஆகஸ்ட் ஆகும்" என்பார் இவர். கோபம் கிடையாது, குத்தல் கிடையாது. கேட்டார்கள், சொன்னார். சிலருக்கு விசில் அடிக்க வராதில்லையா, அந்த மாதிரி அவருக்குப் பொய் வராது.

பியர் விஷயம் அவருக்கு இங்கிலாந்தில் பிடித்தது. அமெரிக்கா வருவதற்கு முன்னால் லீட்ஸில் இரண்டு வருஷம் ஆன்சைட்டில் இருந்தாராம். அங்கேதான் ரியல் ஏல் என்ற ஒன்றைப் பழகிக்கொண்டார். வெளியிலிருந்து கேஸ் அடைக்காத, ஐஸ் மாதிரி குளிர வைக்காத, பீப்பாய்க்குள்ளேயே கடைசிவரை புளித்துக்கொண்டிருக்கிற பியர். அதைக் குழாயைத் திறந்தெல்லாம் பிடிக்க முடியாது. கவுண்டரில் ஒரு கைப்பிடி இருக்கும், அதை நம்மூர் அடிபம்பு மாதிரி இழுத்து இழுத்துத்தான் கிளாஸை நிரப்ப வேண்டும். "தோசை மாவு மாதிரிப்பா. உயிரோட இருக்கு. நேத்து ஒரு ருசி, இன்னிக்கு ஒரு ருசி, நாளைக்குக் கீழ கொட்டணும்" என்று ஆரம்பித்தார் என்றால் நிறுத்த மாட்டார்.

டெக்சாஸ் வெயிலில் எவன் சில்லென்று இல்லாத பியரைக் குடிப்பான்? ஆஸ்டின் முழுக்கத் தேடினால் அந்தக் கைப்பிடி வைத்திருக்கிற கடை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதிலும் சில கடைகளில் மாசத்துக்கு ஒரு பீப்பாய்தான் வைப்பார்கள். இவர் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். கடைகளின் பெயர் அவர் வாயில் வராது. அவராக வைத்த பெயர்கள்தான். கல்லாவில் பூனை படுத்திருக்கும் கடை பூனைக் கடை. பழைய சர்ச்சை வாங்கி நடத்துகிற கடை கோயில் கடை. ஆற்றுக்குத் தெற்கே, வாசலில் எப்போதும் நாலு சைக்கிள் சாய்த்து வைத்திருக்கும் இடம் சைக்கிள் கடை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்புவோம். ஆன்ட்டி, அதாவது அவர் மனைவி, எங்களைக் காரில் கொண்டுபோய் ரயில் ஸ்டேஷனில் விடுவார். இரண்டு கடை. ஒரு கடைக்கு அரை கிளாஸ். நடுவில் ஒரு மைல், ஒன்றரை மைல் நடை. ஐந்து மணிக்குள் திரும்பி ரயில். ஸ்டேஷனில் ஆன்ட்டி காரோடு நிற்பார், முன் சீட்டில் ஒரு டப்பா நிறைய முறுக்கோ தட்டையோ இருக்கும். இன்னிக்கு என்ன தீர்ப்பு என்று கேட்பார். சார் சொல்லிக்கொண்டே வருவார். அரை கிளாஸ்தானே சார், நானே டிரைவ் பண்றேனே என்று ஒருமுறை சொன்னதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்ம கிரீன் கார்டு பேப்பர் எவன் மேஜையிலோ கிடக்கு, ஒரு போலீஸ்காரன் கையை நீட்டினா எல்லாம் போச்சு, அதுவும் போகட்டும், ரோட்ல போறவன் என்ன பாவம் பண்ணான் என்றார். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊரில் அவருக்கு நண்பர்கள் குறைவு. ஒரு கிரகப்பிரவேசத்தில் கேசரி நன்றாக இருக்கிறதா என்று அந்த வீட்டம்மா கேட்டுவிட்டார். நாற்பது பேர் எதிரில் இவர் கூரையைப் பார்த்தார். ஆன்ட்டி இடுப்பில் கிள்ளியதை நானே பார்த்தேன். "முந்திரி அருமைம்மா. நெய் பழசு" என்றார். அந்த அம்மா ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழாவது மாசம் பெண்ணுக்குப் பிறந்தநாள் வந்தபோது, கேட்டரிங்காரர் கொடுத்த சாம்பிளை எல்லாம் தூக்கிக்கொண்டு இவர் வீட்டுக்குத்தான் வந்தார். இவர் ஒருத்தர் சரி என்றால் சரியாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தார். சம்பளம் கிடையாது, எல்லாரும் வாலண்டியர்தான். பசங்களுக்கு அவர் மேல் கொள்ளை ஆசை. பெற்றோருக்குத்தான் ஆகாது. வருஷக் கடைசியில் ரிப்போர்ட் எழுதும்போது மற்ற டீச்சர்கள் எல்லாருக்கும் 'மிக நன்று' போட்டுவிட்டுப் போவார்கள். இவர், 'எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். புரிந்து படிக்கவில்லை. வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதுவார். என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயசு, அவர் வகுப்புதான். அவளுக்கு எழுதியிருந்தார்: 'நல்ல வாயாடி. தயவுசெய்து கெடுத்துவிடாதீர்கள்.' என் மனைவி அதை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவைத்தாள். இந்த ஊரில் பொய்யாகப் புகழாத ஒரே மனுஷன் என்று அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், வேறு வழியில்லை.

என் மாமனார் குடித்தே செத்தவர். திருச்சியில் நல்ல வேலை, சொந்த வீடு, எல்லாவற்றையும் குடித்தார். நான் பெண் பார்க்கப் போனபோது அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், குடிப்பீங்களா என்று. மாட்டேன் என்றேன். அப்போது அது ஏறத்தாழ நிஜம். கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் அடிக்கடி கேட்டதில்லை. நம்பினாள். பாரில் பார்ட்டி நடந்தால் நான் ஆரஞ்சு ஜூஸோடு நிற்கிற போட்டோவை அவளுக்கு அனுப்புவேன்.

அப்படிப்பட்டவன் சனிக்கிழமை தோறும் எங்கே போகிறேன் என்று சொல்லியிருப்பேன்? தமிழ்ப் பள்ளிக்குப் பாடம் தயார் பண்ண, சாருக்கு ஒத்தாசையாக. வாய் கூசாமல் சொன்னேன். திரும்பும்போது ரயிலில் ஏறினதிலிருந்து வீடு வரும்வரை சோம்பை வாய் நிறைய மென்றுகொண்டு வருவேன். சார் ஒருநாள் நேராகவே கேட்டார், உங்க வீட்ல தெரியுமாப்பா என்று. தெரியும் சார் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். பொய் வராத மனுஷனுக்குப் பொய்யை முகர்ந்து பார்க்கவும் வரவில்லை. பழைய நெய் தெரிகிறது, நாலு நாள் பீப்பாய் தெரிகிறது, நான் தெரியவில்லை.

பின்னே எதற்குப் போனேன்? பியர் ருசியே தெரியாதவன். நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்க ஆபீஸில் ஆகாததை ஆகும் என்று சொல்லி, ஊருக்கு போன் பண்ணி எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி, எனக்கே என் பேச்சு புளித்துப் போயிருந்தது. அந்த நாலு மணி நேரம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. அவ்வளவுதான். அதை வீட்டில் அப்படியே சொல்லியிருந்தால் அவள் என்ன கொன்றா போட்டிருப்பாள்?

பூனைக் கடைக்காரர்கள் ஒருநாள் தங்கள் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட்டார்கள். சார் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கடையின் மிகக் கண்டிப்பான வாடிக்கையாளர் என்று கீழே எழுதியிருந்தார்கள். பாசமாகத்தான் போட்டார்கள். எந்தப் புண்ணியவதி கண்ணிலோ பட்டு, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. நம்ம தமிழ் சாரா இது என்று கேட்டு ஒரு சிரிப்பு பொம்மை. அதற்குக் கீழே வரிசையாக இன்னும் பல சிரிப்பு பொம்மைகள்.

என் மனைவி சிரிக்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. முழங்கை வரைக்கும்தான். வாட்ச் அவள் வாங்கிக் கொடுத்தது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனை என் முன்னால் வைத்தாள். "இது உங்க கைதானே?" என்றாள். குரலில் சண்டை இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்த வேகம் இருக்கிறதே, ஆபீஸில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆமாம் என் கைதான் என்றேன். அவரைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன், ஒவ்வொரு வாரமும் அதற்குத்தான் போகிறேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கெஞ்சினார், அவருக்குக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் அவர் கை நடுங்குகிறது என்றேன். பாத்ரூமில் ஒளித்துவைக்கிறார் என்றேன். இதெல்லாம் அவள் அப்பா செய்தவை. கல்யாணமான புதிதில் இருட்டில் படுத்துக்கொண்டு அவள் என்னிடம் சொல்லி அழுதவை. அதையே எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், வெட்கங்கெட்டவன்.

அவள் நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்? என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க அப்பாவுக்கு இந்த மாதிரி ஒருத்தர்கூட இல்லியே என்று அழுதாள்.

அத்தோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அவள் அப்பாவைக் காப்பாற்ற முடியாதவள், சாரையாவது காப்பாற்றப் பார்த்தாள். பள்ளி ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் போய், அவரை யாரும் கேவலமாகப் பேசக்கூடாது, ட்ரீட்மென்ட்டுக்கு வழி பண்ணணும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறாள். நல்லெண்ணத்தோடுதான் அந்த அம்மாவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரை உட்காரச் சொன்னார். எலிமென்டரி ஸ்கூல் ரூம். பசங்க நாற்காலிகளில் நாங்கள் ஐந்து பேர், முழங்கால் மார்பில் இடிக்க. சார், ஒருங்கிணைப்பாளர், கமிட்டியிலிருந்து இன்னொருத்தர், என் மனைவி, நான்.

குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். சனிக்கிழமை இரண்டு கடை, கடைக்கு அரை கிளாஸ் என்றார். கேட்டதற்குப் பதில். ஒருங்கிணைப்பாளர் அம்மா என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி ரொம்ப மென்மையாக, குடிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க என்றாள். காலையில் கை நடுங்குமாமே என்று கமிட்டிக்காரர் கேட்டார். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஐம்பத்தைந்து வயசில் ஒருத்தரை மொடாக்குடியன் என்று சொன்னால் யார் கைதான் நடுங்காது?

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு கிரேயான் கிடந்தது, பச்சை.

"எங்கப்பா இப்படித்தான் சார் போனாரு. அதான் பயமா இருக்கு" என்றாள் என் மனைவி. "இவர் உங்களைப் பத்திரமா கூட்டிட்டு வரத்தானே வந்தாரு? நீங்களே சொல்லுங்க சார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம். கூரையைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, இல்லை என்ற ஒரு வார்த்தை போதும், என் குடித்தனம் அந்தக் குட்டி நாற்காலியிலேயே முடிந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றார். "உங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொட்டதில்ல. எனக்காகத்தான் வந்தாரு."

அவர் குரல் பிசிறடித்தது. பழக்கமில்லாத வேலை. ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை, அவர் சொன்னதை எவர்தான் சந்தேகப்படுவார்கள்? எழுந்தார், மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கி ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் கொடுத்தார், என் பெண் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை பாதியில் நிற்கிறது, யாராவது முடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு அவர் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. கதவைத் திறந்த ஆன்ட்டி, கராஜில் இருக்காரு என்று மட்டும் சொன்னார். அத்தனை சனிக்கிழமைகள் என்னை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தவர், நான் சோம்பு மெல்வதைக் கண்ணாடியில் பார்த்தவர். அவர் நினைத்திருந்தால் ஒரே ஒரு போனில் என்னை முடித்திருக்கலாம். செய்யவில்லை.

சார் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிற மகன் வீட்டோடு போகிறார்களாம். என் மேல கோபமா சார் என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் சேச்சே, அதெல்லாம் இல்லப்பா என்பார்கள். அதைத்தான் நானும் எதிர்பார்த்து வந்தேனோ என்னவோ.

"ஆமா" என்றார். "நிறைய."

நான் இன்றைக்கே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அந்தப் பொய்யை உனக்காக நான் சொல்லவில்லை, அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துச் சொன்னேன், சொல்றதும் சொல்லாததும் உன் பாடு என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா ஒண்ணு. நீ தொடறதில்லன்னு சொல்லிட்டேன். இனிமே அதையாவது நெசமாக்கு" என்றார். ஒரு பெட்டியைக் காட்டி அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னார். பிடித்துத் தூக்கி வைத்தேன். அவ்வளவுதான். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. எட்டு வருஷம் ஆகிறது.

குடியை விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. அதில் ஒரு கஷ்டமும் இல்லை, ருசி தெரியாதவனுக்கு விடுவதில் என்ன இருக்கிறது? அவர் என்னைப் பற்றிச் சொன்னதை நிஜமாக்கியது சுலபமான வேலை. நான் அவரைப் பற்றிச் சொன்னதுதான் அப்படியே இருக்கிறது.

போன மாசம் எங்கள் தெருவில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவரும் விருந்து. புதிதாக ஹூஸ்டனிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தம்பதி, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க வேண்டும், டீச்சர்கள் எப்படி என்று கேட்டார்கள். இப்ப இருக்கிறவங்க பரவாயில்லை என்றாள் என் மனைவி. ஆனா முன்னாடி ஒருத்தர் இருந்தார், அவர் மாதிரி வராது, பசங்க உயிரையே விட்டாங்க, பாவம், குடி அவரைச் சாப்பிட்டுடுச்சு என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பாவையும் சேர்த்துத்தான் நினைத்திருப்பாள். இவர்தான் வாராவாரம் போய் அவரைக் கூட்டிட்டு வருவார் என்று என் தோளில் கை வைத்தாள்.

புதிதாக வந்த அந்தக் கணவன் என்னை மரியாதையோடு பார்த்தான். "அவ்ளோ மோசமா இருந்தாராண்ணா?" என்றான்.

கையில் தட்டு இருந்தது. வாயில் இருந்த கவளத்தை விழுங்கினேன்.

"ஆமா" என்றேன்.